கல்யாணத் தொட்டிலின் வார்

உட்காருங்கள். பெரியவர்கள் காலை நீட்டிக்கொள்ளலாம், சின்னவர்கள் மடக்கிக்கொள்ளுங்கள், இடம் போதாது. நான் சொல்லப்போகிற கதை, மலைகளுக்கெல்லாம் இன்னும் பேர் வைத்து முடியாத காலத்தில் நடந்தது. நடுவில் யாராவது 'அது எப்படி?' என்று குறுக்கே கேட்டால் கதை அங்கேயே படுத்துக்கொள்ளும். இப்போதே சொல்லிவிட்டேன்.

குறுமணல் நாடு என்று ஒரு நாடு. அதற்கு வானவிளங்கி என்று ஒரு ராஜா. நல்ல ராஜா. மழை பொய்த்தால் தூங்கமாட்டார், யாராவது எதிரில் அழுதால் தானும் சேர்ந்து அழுதுவிடுவார். அவருக்கு ஒரே ஒரு கிறுக்கு இருந்தது. எதைப் பார்த்தாலும் அதற்கு வரிசை வைத்தாக வேண்டும்.

பழத்தில் மா முதல், பலா இரண்டாவது, இலந்தை கடைசி. பூவில் தாமரை முதல், மல்லிகை இரண்டாவது, பூசணிப்பூ கடைசி. ஒருநாள் சமையற்கட்டுக்குள் நுழைந்து கரண்டிகளுக்கும் வரிசை வைத்துவிட்டார். பாயசக் கரண்டிக்கு முன்னால் ரசக் கரண்டியைத் தொட்டதற்காகச் சமையல்காரர் பாவம், மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

விலங்குகளுக்கும் வரிசை உண்டு. புலி முதல், யானை இரண்டாவது, மான் மூன்றாவது. அப்படியே இறங்கிக்கொண்டே போய் ஆடு, மாடு, கழுதை எல்லாவற்றுக்கும் கீழே, கடைசியோ கடைசி, எருமை. காரணம் கேட்டால், "அது எமன் ஏறி வருகிற வாகனம்" என்பார். அரண்மனை வாசல் வழியாக எருமை போகக்கூடாது என்று உத்தரவு. மேய்ச்சலுக்குப் போகிற எருமைகளெல்லாம் ஊரைச் சுற்றிக்கொண்டு போயின. அவற்றுக்கு ஒன்றும் வருத்தமில்லை, வழியில் ஒரு குளம் கூடுதலாகக் கிடைத்தது.

ஆனால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நம் ராஜாவுக்குத் தயிர் என்றால் உயிர். பானையைக் கவிழ்த்தாலும் விழாத கெட்டித் தயிர், வேளைக்கு இரண்டு கிண்ணம். அது எதன் பால் என்று அவர் கேட்டதில்லை. சொல்ல யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. இதை ஓர் ஓரமாக மனத்தில் வைத்திருங்கள்.

ராஜாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. நாட்டின் எல்லையில் நெடும்பள்ளம் என்று ஒரு பள்ளம், கூப்பிடு தூர அகலம். அடியில் காட்டாறு பாறை பாறையாக மோதிக்கொண்டு ஓடும். அந்தக் கரையில் கொடிமலை. அந்த மலைத் தலைவரின் மகள் கொன்றையாள்தான் மணப்பெண். பார்க்க லட்சணமானவள். அதைவிட, கண்ணால் பார்த்ததை வாயால் கேட்டுத் தெளிந்துகொள்கிறவள்.

பள்ளத்தைத் தாண்டப் பாலம் கிடையாது. மலைக்காரர்கள் காட்டுக்கொடியை முறுக்கி, கரைக்குக் கரை ஒரு பெரிய வடம் கட்டியிருந்தார்கள். வடத்தில் ஒரு மரவளையம் ஓடும். வளையத்திலிருந்து மூங்கில் தொட்டில் ஒன்று தொங்கும். அதில் ஆளை உட்காரவைத்து, கயிறு போட்டு இழுத்துக்கொள்வார்கள். வடம் மலைக்காரர்களுடையது. ஆனால் கல்யாணம் என்று வந்தால், வளையத்திலிருந்து தொட்டிலைத் தொங்கவிடுகிற தோல் வார் மாப்பிள்ளை வீட்டிலிருந்துதான் வர வேண்டும். அதுதான் இரண்டு நாட்டுக்கும் பொதுவான வழக்கம்.

வாரோடு இன்னும் இரண்டு சீர் உண்டு. பெண்ணைத் தாங்க ஒரு வார், குளிரைத் தாங்க ஒரு மேலாடை, கல்லையும் முள்ளையும் தாங்க ஒரு ஜோடிச் செருப்பு. மூன்றும் தோலில்.

ராஜா சிலம்பாயியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

சிலம்பாயி யார் என்றால், அந்த நாட்டிலேயே தோல் வேலையில் முதல் கை. ஏரிக்கரையில் அவளுக்குத் தோல் ஊறப்போடுகிற குழிகள் ஏழு இருந்தன. அவள் புருஷன் கட்டையன் ஆவாரம்பட்டையை இடித்துக் குழியில் போடுவான். அவள் தோலை எடுத்து, மடக்கி, காதருகே வைத்துக் கேட்பாள். சத்தமில்லாமல் மடங்கினால் நல்ல தோல். 'கிறுக்' என்றால் உள்ளே வெடித்திருக்கிறது, எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆகாது. கட்டையன் ஒரு நாளைக்கு மூன்று வார்த்தை பேசினால் அதிகம். அவன் பங்கையும் சேர்த்து அவள் பேசிவிடுவாள், வீட்டுக் கணக்கு சரியாகிவிடும்.

அவள் வந்தபோது சபை நடுவில் நான்கு புலித்தோல்கள் விரித்துக் கிடந்தன. ராஜாவின் கொள்ளுத்தாத்தா வேட்டையாடியவை. மூன்று தலைமுறையாகச் சுவரில் தொங்கியவை.

"சிலம்பாயி, மூன்று சீரையும் இதில் செய்துவிடு. முதல் தரம்" என்றார் ராஜா.

"எதுக்கு ராசா?" என்றாள் அவள்.

"எதுக்கா? என் கல்யாணத்துக்கு."

"கல்யாணம் சரி. தோல் எதுக்கு? மடிக்கவா, மிதிக்கவா, தொங்கவா? வேலையைச் சொன்னாத்தானே நான் தோலைச் சொல்ல முடியும்?"

ராஜாவின் பக்கத்தில் மந்திரி வல்லபர் நின்றிருந்தார். ராஜா சிரித்தால் சிரிப்பார், ராஜா தும்மினால் தனக்கும் ஜலதோஷம் என்பார். அப்படிப்பட்ட மந்திரி. "அரசர் சொன்னால் செய்ய வேண்டியதுதானே, கேள்வி என்ன?" என்றார் அவர்.

சிலம்பாயி அவரைப் பார்க்கவே இல்லை. புலித்தோலின் ஓரத்தைத் தூக்கி மடக்கிக் காதருகே வைத்தாள். கீழே வைத்துவிட்டாள்.

"ராசா, இது பார்க்கிறதுக்குப் பதம் பண்ணின தோல். மயிர் உதிராம இருக்கணும்னு மேலாகக் காயவச்சிருக்காங்க. உள்ளே பதம் ஏறலை. சுவத்துல தொங்கலாம், மேலே ஆள் தொங்க முடியாது. மேலாடைக்கு வெள்ளாட்டுத் தோல் வேணும், கடுக்காய்ல ஊறினா துணி மாதிரி மடங்கும். செருப்புக்குக் காளைத் தோல், ஏர் இழுத்த காளைன்னா இன்னும் விசேஷம். வாருக்கு..."

ராஜாவின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு சொல்லியேவிட்டாள்.

"வாருக்கு எருமைத் தோல். முதுகெலும்பை ஒட்டி நீளவாட்டத்தில அறுக்கணும். நனைஞ்சாலும் நீளாது, இழுத்தாலும் விடாது."

வல்லபர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பொத்திக்கொண்டே ராஜாவும் பொத்திக்கொண்டாரா என்று பார்த்தார்.

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என் கல்யாணத்தில் எமன் வாகனமா? மங்கல காரியத்தில் அந்தக் கடைசி மிருகமா? புலித்தோலில் செய். அதைக் குறை சொல்லி இனி ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வந்தால், உன் ஏழு குழியையும் மண்ணள்ளி மூடிவிட்டு நாட்டை விட்டுப் போக வேண்டியதுதான்."

சிலம்பாயி புலித்தோல்களைச் சுருட்டினாள். ஏழு குழியையும் அவளும் கட்டையனும் தங்கள் கையாலேயே தோண்டியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் நல்ல பதம் வர ஆறு வருஷம் ஆகியிருந்தது. வேறு நாட்டுக்குப் போய் முதல் குழியிலிருந்து தொடங்க இனி வயசில்லை. அவள் வாயை மூடிக்கொண்டு, நான்கு புலித்தோல்களையும் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்று முழுக்க அவள் பேசவில்லை. கட்டையன் பயந்துபோய்த் தன் மூன்று வார்த்தைகளையும் காலையிலேயே செலவழித்துவிட்டான்.

முதலில் மேலாடையைத் தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். முதல் தரமான சரக்கு எப்படி இருக்கும் என்று பார்க்க ராஜாவுக்கு ஆசை. பெண்ணுக்கு அனுப்புவதற்கு முன்னால் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு சபைக்கு வந்தார்.

வந்தார் என்றா சொன்னேன்? கதவில் இடித்துக்கொண்டு வந்தார். ஆடை மடங்கவில்லை, பலகையாக நின்றது. உட்காரப் போனால் கழுத்துப் பக்கம் மேலே ஏறி மூக்கை மறைத்தது. கையைத் தொங்கவிட முடியவில்லை, பறக்கப்போகிற கொக்குபோல இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றார். அரை நாழிகையில் அரிப்பு வேறு எடுத்தது. சொரிய வேண்டும், கை எட்டவில்லை. "வல்லபரே, முதுகில் கொஞ்சம்" என்றார். வல்லபர் செங்கோலை எடுத்துச் சொரிந்துவிட்டார்.

"சரி, மேலாடைக்கு மட்டும் ஆட்டுத்தோல் இருந்துவிட்டுப் போகட்டும்" என்றார் ராஜா. "மேலே பட்டுப் போர்த்தினால் உள்ளே போய்விடுவதுதானே, யார் பார்க்கப்போகிறார்கள்?"

இரண்டாவது, செருப்பு. அதையும் ராஜா போட்டுப் பார்த்தார். புலிமயிர் பளபளக்க, மெத்து மெத்தென்று தாமரைக் குளப் படிக்கட்டில் இறங்கினார். முதல் படியில் கம்பீரமாக நின்றார், இரண்டாவது படியில் கொஞ்சம் ஆடினார், மூன்றாவது படியில் ராஜாவைக் காணோம். குளத்தில் தாமரை இலையைத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றவரைப் பார்த்து, தண்ணீர் மொள்ள வந்த பெண்கள் முந்தானையைக் கடித்துக்கொண்டார்கள். பாசிப்படியில் மயிர்ச்செருப்பு நிற்குமா?

"சரி, செருப்புக்கு மட்டும் காளைத்தோல் இருந்துவிட்டுப் போகட்டும்" என்றார் ராஜா, மூக்கிலிருந்து தண்ணீரைச் சிந்திக்கொண்டே. "காலுக்குக் கீழே போவதுதானே, யார் பார்க்கப்போகிறார்கள்?"

மூன்றாவது, வார். சிலம்பாயி தன்னால் முடிந்தவரை நல்லபடியாகச் செய்திருந்தாள். முதுகுப் பகுதியாகப் பார்த்து அறுத்து, இரட்டையாக மடித்து, நெருக்கமாகத் தைத்திருந்தாள். கைவேலையில் ஒரு குறையும் இல்லை. தோலில் இருந்த குறையைக் கை என்ன செய்யும்?

"இதையும் ஒரு தடவை நீங்களே இழுத்துப் பாருங்க, ராசா" என்றாள் கெஞ்சாத குறையாக.

ராஜாவின் கை வாரை நோக்கி நீண்டது. அதற்குள் வல்லபர், "அரசர் கொடுக்கும் சீரைச் சோதித்துப் பார்ப்பது அபசகுனம்" என்று இடையில் புகுந்தார். ராஜா கையை இழுத்துக்கொண்டார். "மேலாடை உள்ளே போவது, செருப்பு கீழே போவது. வார் அப்படியா? இரண்டு நாடும் அண்ணாந்து பார்க்கும். இது புலிதான். பேச்சு முடிந்தது" என்று எழுந்து போய்விட்டார்.

பார்த்தீர்களா? தன் முதுகு அரித்தபோது ஒரு நியாயம் புரிந்தது. தன் கால் வழுக்கியபோது இன்னொரு நியாயம் புரிந்தது. வார் மட்டும் புரியவில்லை. அதில் உட்காரப்போவது வேறொருத்தி அல்லவா?

முகூர்த்த நாள் வந்தது. நெடும்பள்ளத்தின் இந்தக் கரையில் குறுமணல் நாடு முழுக்க நின்றது, மேளமும் தாளமுமாக. அந்தக் கரையில் கொடிமலை முழுக்க நின்றது, தேனும் தினையுமாக. ஆட்டுத்தோல் மேலாடையும் காளைத்தோல் செருப்பும் முன்னமே பெண்ணுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. கொன்றையாள் அவற்றைப் போட்டுக்கொண்டு பள்ளத்தின் விளிம்பில் நின்றாள். ராஜா அவளைப் பார்த்தார். அந்த நிமிஷத்தில் உலகத்துப் பெண்களுக்கெல்லாம் மனத்துக்குள் ஒரு வரிசை வைத்து, இரண்டாம் இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டார்.

இந்தக் கரையில் தொட்டிலை மரவளையத்தோடு புலிவாரால் பிணைத்தார்கள். வெயிலில் அது தங்கமாக மின்னியது. எல்லோரும் ஆகா என்றார்கள். சிலம்பாயி மட்டும் கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். அவள் தோளில் கறுப்பாக, தடிப்பாக, சுருட்டிய வார் ஒன்று கிடந்தது. பக்கத்து ஊர்க் கமலைக் கிணற்றில் தண்ணீர் மொள்ளும் தோல்பறியை மாடு கட்டி இழுக்க என்று அவள் போன வருஷமே பதம் பண்ணிவைத்த எருமை வார். எதற்குக் கொண்டுவந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வீட்டில் வைத்துவிட்டு வர மனசில்லை.

தொட்டிலை அந்தக் கரைக்கு இழுக்கப்போகிற நேரம். "கொஞ்சம் இருங்கள்" என்று கொன்றையாள் கையைக் காட்டினாள்.

கொடிமலையில் ஒரு பழக்கம் உண்டு. அங்கே எல்லோரும் வடத்திலும் கயிற்றிலும் தொங்கிப் பிழைக்கிறவர்கள். புதுக் கயிற்றில் ஏறுவதற்கு முன்னால், அதைக் கொடுத்தவரையும், கொண்டுவந்தவரையும், செய்தவரையும் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள்.

"ராசா, இந்த வார் எப்படி?" என்று பள்ளத்தின் குறுக்கே குரல் கொடுத்தாள்.

"முதல் தரம்" என்றார் ராஜா நெஞ்சை நிமிர்த்தி.

"மந்திரியாரே, இந்த வார் எப்படி?"

"அரசர் சொன்னபடி" என்றார் வல்லபர்.

"இதைச் செய்தது யாரு?"

கூட்டம் விலகியது. சிலம்பாயி முன்னே வந்தாள்.

"அக்கா" என்றாள் கொன்றையாள். "செய்தவங்ககிட்ட எப்படின்னு கேட்கிறது எங்க வழக்கமில்லை. இதில் உங்க மகளை ஏத்துவீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

ஐயோ, அந்தக் கேள்வியை வேறு எப்படிக் கேட்டிருந்தாலும் அவள் மழுப்பியிருக்கலாம். சிலம்பாயி ராஜாவைப் பார்த்தாள். ராஜாவின் மீசை துடித்துக்கொண்டிருந்தது. ஏரிக்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இங்கிருந்து குழிகள் தெரியாது, ஆனால் ஏழும் அவள் கண்ணுக்குத் தெரிந்தன. பிறகு எதிர்க்கரையில் நின்ற பெண்ணைப் பார்த்தாள். அவள் செய்து கொடுத்த மேலாடை அந்தப் பெண்ணுக்கு அளவெடுத்ததுபோல உட்கார்ந்திருந்தது.

"ஏத்தமாட்டேன், தாயி" என்றாள்.

மேளம் நின்றது. ராஜா முகம் சிவந்து, "சொன்னேன் அல்லவா? குழிகளை மூடு. நாட்டை விட்டுப் போ" என்றார். உடனே நாலு பேர் மண்வெட்டியோடு ஏரிக்கரைக்கு ஓடினார்கள்.

சிலம்பாயி தோளில் கிடந்த வாரைச் சரிசெய்துகொண்டு திரும்பினாள். கட்டையன் வந்து அவள் கையைப் பிடித்து, "வா புள்ளே, போகலாம்" என்றான். மூன்று வார்த்தை. அவள் அழுதது அதற்குப் பிறகுதான்.

இரண்டடி நடந்திருப்பார்கள். எதிர்க்கரையிலிருந்து கொன்றையாளின் குரல் மறுபடி கேட்டது. கோபம் இல்லை, கேலி இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"ராசா, அந்த அக்கா சொன்னதை நான் நம்புறேன். நீங்க சொன்னதையும் நம்ப ஆசையாத்தான் இருக்கு. அதனால் ஒன்னு செய்ங்க. முதல்ல நீங்க அதில் உட்கார்ந்து இந்தக் கரைக்கு வாங்க. வந்து என்னைக் கூட்டிக்கிட்டுப் போங்க. நாம ரெண்டு பேரும் சேர்ந்தே வருவோம்."

இரண்டு கரையும் ராஜாவைப் பார்த்தன. மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? "இதென்ன பிரமாதம்" என்று சொல்லிவிட்டு ராஜா தொட்டிலருகே போனார். வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தார். கொஞ்சம் பாரத்தைக் கொடுத்தார்.

'கிறுக்'.

மேலேயிருந்து பொடிப்பொடியாக மயிர் உதிர்ந்து அவர் மூக்கில் விழுந்தது. ராஜா காலை எடுக்கவில்லை, வைக்கவுமில்லை. மெதுவாகக் கீழே பார்த்தார். காட்டாறு பாறை பாறையாக மோதிக்கொண்டு போயிற்று. அந்தப் பாறைகளுக்கு அவர் வரிசை வைக்கவில்லை.

"வல்லபரே, நீர் ஒருமுறை ஏறிப் பாருமே" என்றார்.

"எனக்குக் காலையிலிருந்து இடுப்பில் பிடிப்பு, மகாராஜா" என்றார் வல்லபர். அதற்குள் பத்தடி பின்னால் போயிருந்தார்.

ராஜா காலை வெளியே எடுத்தார். சற்றுமுன் இதே தொட்டிலில் எந்தக் கூச்சமும் இல்லாமல் யாரை உட்காரவைக்கப் பார்த்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எதிர்க்கரையில் நின்ற பெண்ணை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்ல ராஜா என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா?

"சிலம்பாயி" என்று கூப்பிட்டார். குரல் சின்னதாக வந்தது. "உன் தோளில் கிடக்கிறது என்னம்மா?"

"எருமை வார், ராசா."

"அது எமன் வாகனம் ஆயிற்றே" என்றார் ராஜா. இப்போது அது அதட்டல் இல்லை, நிஜமான பயம்.

"ஆமா ராசா. எமன் எத்தனை காலமா அது முதுகில ஏறிக்கிட்டு உலகம் பூரா சுத்தறாரு. ஒரு தடவையாவது கீழே விழுந்தாருன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? அவரையே தாங்குற முதுகு உங்களைத் தாங்காதா? நீங்க என்ன அவ்வளவு கனமா?"

அந்தக் கரையில் முதல் சிரிப்பு கொன்றையாளுடையது. அப்புறம் கொடிமலை சிரித்தது, அப்புறம் குறுமணல் நாடு சிரித்தது. கடைசியில் ராஜாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"மாற்று" என்றார்.

சிலம்பாயி உடனே மாற்றவில்லை. தோல்காரி அல்லவா, கண்ணால் காட்டாமல் விடுவாளா? கூட்டத்தில் பூசணிக்காய் விற்கிறவர் கூடையிலிருந்து ஐந்தைந்தாக எடுத்துத் தொட்டிலில் வைக்கச் சொன்னாள். ஐந்து வைத்தார்கள், வார் மின்னியது. பத்து வைத்தார்கள், வார் முனகியது. பதினைந்தாவது காயை வைக்கக் குனிந்தபோது, முதல் தரமான புலிவார் நடுவில் இரண்டாகப் போயிற்று. தொட்டில் கரையின் விளிம்பில் மாட்டிக்கொண்டது. பூசணிக்காய்கள் ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் குதித்து, பாறையில் மோதிச் சிதறின.

பிறகு எருமை வாரைப் போட்டு முடிச்சிட்டாள். முதலில் தானே ஏறி உட்கார்ந்து இரண்டு தடவை குதித்துக் காட்டினாள். கட்டையன் கண்ணை மூடிக்கொண்டான்.

அப்புறம் ராஜா ஏறினார். வார் ஒரு சத்தமும் போடவில்லை. அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் கொன்றையாளிடம் முதலில் சொன்ன வார்த்தை, "என்னை மன்னித்துவிடு. இந்த வாரில் நீ ஏறுவாயா?" என்பது. "உங்க மகளா இருந்தா ஏத்துவீங்களா?" என்றாள் அவள். "ஏற்றுவேன்" என்றார் ராஜா. இரண்டு பேரும் ஒரே தொட்டிலில் வந்தார்கள். ராஜா வழி நெடுக அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அன்பினால்தான் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். பாதி அன்பு, பாதி பள்ளம்.

தாலி கட்டி முடிந்து பந்தி போட்டார்கள். சிலம்பாயியையும் கட்டையனையும் ராஜா கையைப் பிடித்து அழைத்துவந்து, தன் இலைக்கு வலப்பக்கம் உட்காரவைத்தார். குழிகளை மூடப்போன மண்வெட்டிக்காரர்களைத் திரும்பிவரச் சொல்லி, எட்டாவது குழியைத் தோண்டிக் கொடுக்கச் சொன்னார். சாம்பார் வந்தது, ரசம் வந்தது, கடைசியில் கெட்டித் தயிர் வந்தது. கட்டையன் ஒரு வாய் எடுத்து வைத்தான். முகம் மலர்ந்தது. அன்றைக்கு மூன்று வார்த்தையும் முடிந்துபோயிருந்தாலும் அவனால் அடக்க முடியவில்லை.

"எருமைத் தயிர் நல்லாருக்கு" என்றான்.

பரிமாறுகிறவர் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. சமையல்காரர் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். வல்லபர் அவசரமாகக் காதைப் பொத்தப் போனார், இரண்டு கையிலும் தயிர். ராஜா தன் கிண்ணத்தைப் பார்த்தார். முப்பது வருஷமாக, வேளைக்கு இரண்டு கிண்ணம்.

அதை வழித்துக் காலி பண்ணிவிட்டு, "இன்னொரு கிண்ணம்" என்றார்.

அதற்குப் பிறகு ராஜா வரிசை வைப்பதை விட்டுவிட்டாரா என்றால், இல்லை. பிறவிக் குணம் ஒரு கல்யாணத்தில் போய்விடாது. ஆனால் ஒவ்வொன்றையும் வரிசையில் வைக்கும் முன், "எதுக்கு?" என்று கேட்கத் தொடங்கினார். அப்படிக் கேட்கக் கேட்க வரிசை தானாகவே கலைந்து போயிற்று. எருமைகள் அரண்மனை வாசல் வழியாகவே மேய்ச்சலுக்குப் போயின. புலிவாரின் அறுந்த இரண்டு துண்டுகளையும் சிம்மாசனத்துக்கு எதிரே, தன் கண்ணில் படுகிற மாதிரி மாட்டிவைத்தார். சுவரில் தொங்குவதற்கு அது நல்ல தோல்தான், குறை சொல்லக்கூடாது. வல்லபருக்கும் ஒரு பொருத்தமான வேலை கிடைத்தது. மலைப்பக்கம் யார் பேசினாலும் எதிரொலி வருகிறதா என்று கேட்டுச் சொல்ல வேண்டும்.

கதை கரை சேர்ந்துவிட்டது, நீங்களும் எழுந்து அவரவர் வேலையைப் பாருங்கள். இந்தக் கதையின் நீதி இதுதான்: பொருளானாலும் ஆளானாலும் எந்த வேலைக்கு என்று முதலில் கேள், அதில் தொங்கப்போவது உன் உயிர் என்று நினைத்துக்கொண்டு தேர்ந்தெடு.